நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு 7.6 கோடி டாலர்

2021ஆம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நான்கு பெரிய பயிற்சியாளர் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. (ஹெல்மெட் போட்டு ஆடும் அவர்களுடைய கால்பந்தைத்தான் சொல்கிறேன்.) டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரின் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்து, சம்பளத்தை ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலருக்கு உயர்த்தியது. பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் தந்தது. மிச்சிகன் ஸ்டேட் மெல் டக்கருக்குப் பத்து ஆண்டுகளுக்கு 9.5 கோடி. லூசியானா ஸ்டேட் பிரையன் கெல்லிக்கும் அதே பத்து ஆண்டு, அதே 9.5 கோடி.

நால்வரில் ஒருவர்கூட புதிய ஒப்பந்தத்தில் நான்கு முழு ஆண்டுகளைத் தாண்டவில்லை. டக்கர் 2023 செப்டம்பரிலும் ஃபிஷர் அதே ஆண்டு நவம்பரிலும் நீக்கப்பட்டார்கள். ஃபிராங்க்ளினும் கெல்லியும் 2025 அக்டோபரில் இரண்டு வார இடைவெளியில் போனார்கள்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் ‘பயிற்சியாளர் சம்பளம் எகிறிவிட்டது’ என்றுதான் பேச்சு ஓடுகிறது. சம்பளம் உயர்ந்தது உண்மைதான். 1982இல் ஜாக்கி ஷெரிலை டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆறு ஆண்டுகளுக்கு 17 லட்சம் டாலர் சொச்சத்துக்கு எடுத்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. இன்று ஜார்ஜியாவின் கிர்பி ஸ்மார்ட் ஓராண்டில் வாங்குவது சுமார் 1.3 கோடி. ஆனால் பல்கலைக்கழகங்களின் கழுத்தை நெரிப்பது ஆண்டுச் சம்பளம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தத்தின் நடுவில், ‘காரணமின்றி நீக்கினால்’ என்று தொடங்கி, எவ்வளவு தரவேண்டும் என்று சொல்லும் ஒரு பத்தி இருக்கிறது. வெளியே எல்லோரும் ‘பைஅவுட்’ என்று சொல்வது அதைத்தான். ஏஜென்டின் திறமை முழுவதும் அந்தப் பத்தியில் இறங்கியிருக்கும்.

அந்தப் பத்தியில் பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது, மீதமுள்ள சம்பளத்தில் எத்தனை விழுக்காடு உத்தரவாதம். இரண்டாவது, நீக்கப்பட்டவர் வேறு வேலை தேடியாக வேண்டுமா. மூன்றாவது, புதிய வேலையில் கிடைக்கும் சம்பளம் பழைய பல்கலைக்கழகம் தரவேண்டிய தொகையில் கழியுமா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 90 லட்சம் டாலர், நான்காம் ஆண்டு முடிவில் நீக்கம், 75 விழுக்காடு உத்தரவாதம். மீதி ஆறு ஆண்டுச் சம்பளம் 5.4 கோடி. அதில் முக்கால் பங்கு 4.05 கோடி. கழிவு விதி இருந்து, அவர் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு வேறு இடத்தில் ஆறு ஆண்டு வேலை பார்த்தால் 3 கோடி கழியும்; பழைய பல்கலைக்கழகத்தின் பாரம் 1.05 கோடியாக இறங்கும். ஒரே சம்பளம், ஒரே பயிற்சியாளர். வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. ஃபிஷருடைய ஒப்பந்தத்தில் 100 விழுக்காடு உத்தரவாதம். வேலை தேடும் கடமையும் இல்லை, கழிவும் இல்லை. நீக்கிய 60 நாளுக்குள் சுமார் 1.9 கோடி, பிறகு 2031 வரை ஆண்டுதோறும் 72 லட்சம், மொத்தம் ஏறத்தாழ 7.6 கோடி டாலர். அவர் இன்று எங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அதில் ஒரு டாலர் குறையாது. ஃபிராங்க்ளினுக்கு பென் ஸ்டேட் தரவேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி. அங்கே கழிவு விதி இருந்தது. ஒரே மாதத்தில் வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொள்ள, கணக்கு 90 லட்சத்தில் முடிந்தது. இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும், பணம் எங்கே ஒழுகுகிறது என்று புரிந்துவிடும்.

கழிவு விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. புதிய முதலாளி முதல் சில ஆண்டுகளுக்குச் சம்பளத்தை வேண்டுமென்றே குறைத்து எழுதலாம்; பழைய பல்கலைக்கழகம்தான் மீதியைக் கட்டுகிறதே! பழைய பாக்கி தீரும் ஆண்டில் புதிய சம்பளம் திடீரென்று ஏறும். விவரமான வழக்கறிஞர் இதை அடைக்க, ‘அந்தப் பதவிக்கான சந்தைச் சம்பளத்தையே கழிப்போம்’ என்றும், ‘ஆண்டுக்கு ஆண்டு சமமாகப் பிரித்தே கணக்கிடுவோம்’ என்றும் எழுதிவைப்பார். அவசரத்தில் எழுதிய ஒப்பந்தங்களில் இது இருக்காது.

அவசரம் என்பது இங்கே முக்கியமான சொல். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் காலியாகும். மறுநாளே வெற்றிகரமான பயிற்சியாளர் ஒருவரின் பெயர் செய்தியாளர்கள் வழியாகக் கசியும். அவர் இருக்கும் ஊரில் ரசிகர்களும் நன்கொடையாளர்களும் பதறுவார்கள். ஏஜென்ட் கேட்பது ஒன்றே: நீட்டிப்பு. 2021 நவம்பரில் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் லூசியானா ஸ்டேட்டிலும் ஒரே நேரத்தில் இடம் காலியாக இருந்தது. ஃபிராங்க்ளினுக்கும் டக்கருக்கும் அடுத்தடுத்த நாட்களில் பத்தாண்டு நீட்டிப்பு வந்தது. டக்கர் மிச்சிகன் ஸ்டேட்டில் அப்போது தன் இரண்டாவது சீசனைக்கூட முடித்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் கையெழுத்தாவது பெரும்பாலும் முழு ஒப்பந்தம் அல்ல, சில பக்க நிபந்தனைத் தாள். தொகை, ஆண்டு, உத்தரவாத விழுக்காடு மட்டும் அதில் இருக்கும். ‘தகுந்த காரணம்’ என்றால் என்ன, கழிவு எப்படி என்பதெல்லாம் பல மாதம் கழித்து எழுதப்படும். அதற்குள் பயிற்சியாளர் பதவியில் உட்கார்ந்திருப்பார், பேரம் பேசும் பலம் முழுவதும் ஏஜென்ட் பக்கம் போயிருக்கும். தகுந்த காரணத்தோடு நீக்கினால் பாக்கி தரவேண்டியதில்லை என்பதால், அந்த வரையறையை ஏஜென்ட் எவ்வளவு சுருக்குகிறாரோ அவ்வளவு பணம் பத்திரம். மிச்சிகன் ஸ்டேட் டக்கரைக் காரணம் காட்டி நீக்கிப் பாக்கியைத் தர மறுத்தது, வழக்கு வந்தது. கெல்லிக்குச் சுமார் 5.4 கோடி நின்றது. அதைக் குறைக்க லூசியானா ஸ்டேட் முயன்றபோது அவரும் நீதிமன்றத்துக்குப் போனார். காரணமின்றித்தான் நீக்கினோம் என்று கடைசியில் பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏஜென்டுகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன் கட்சிக்காரருக்கு அதிகம் வாங்கித் தருவது அவர்கள் வேலை. நிக் சேபன், கிர்பி ஸ்மார்ட், ஃபிஷர், ஃபிராங்க்ளின், லேன் கிஃபின் எனப் பலருக்கும் ஏஜென்டாக இருந்தவர் ஜிம்மி செக்ஸ்டன் ஒருவரே. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தரும், எங்கே பயப்படும் என்பது அவருக்கு மனப்பாடம். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் அத்லெடிக் டைரக்டரோ (பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர்) ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படிப் பேரம் பேசுகிறார். தன் பணத்தையும் அவர் தருவதில்லை. நீக்கவேண்டிய நாள் வரும்போது அவரே வேறு ஊருக்குப் போயிருக்கலாம். 2017இல் ஃபிஷரை 7.5 கோடி உத்தரவாதத்துக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குக் கொண்டுவந்த அத்லெடிக் டைரக்டர் ஸ்காட் உட்வர்ட், பிறகு லூசியானா ஸ்டேட்டுக்கு மாறி 2021இல் கெல்லியை எடுத்தார். கெல்லி நீக்கப்பட்ட அதே வாரம் உட்வர்டும் பதவி விலகினார். ஒரு மாதத்தில் கெல்லியின் இடத்துக்குக் கிஃபின் வந்தார்: ஏழு ஆண்டு, ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி.

உச்சவரம்பு வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைத்துப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏ ஒரு வகை உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என்று வரம்பு விதித்தது. அது போட்டியை ஒடுக்கும் கூட்டுச் சதி என்று பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டு, 1998இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். மறு ஆண்டு 5.45 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. நாடாளுமன்றம் தனி விலக்கு தராதவரை அந்தக் கதவு மூடியதுதான். ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஒப்பந்தத்தைத் தானே இறுக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

வரம்பு இப்போது யாருக்கு இருக்கிறது தெரியுமா? ஆடும் மாணவர்களுக்கு. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற, என்சிஏஏ மீது மாணவர்கள் போட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து 2025-26இல் நேரடியாகத் தரக்கூடியது அதிகபட்சம் 2.05 கோடி டாலர். ஃபிஷருக்கு ‘வராமலிருக்க’த் தரும் தொகை அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். மாணவர் வெளியே விளம்பர ஒப்பந்தம் செய்தால், 600 டாலரைத் தாண்டியதும் பதிவு செய்து ஒப்புதல் வாங்கவேண்டும். பயிற்சியாளரின் ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு தணிக்கை கிடையாது. மாணவர்களின் ஏஜென்டுகள் நிலைமை இன்னும் மோசம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சங்கம் விதி வைத்திருக்கிறது. கல்லூரி மாணவருக்குச் சங்கமும் இல்லை, வரம்பும் இல்லை. 20 விழுக்காடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடுவதற்குமுன் ஏஜென்ட் எடுக்கும் விழுக்காடு, ஒப்பந்தம் முடியும் தேதி, கல்லூரி மாறினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கவேண்டும்.

பணம் நன்கொடையாளர்களுடையது, வகுப்பறைக்குப் பாதிப்பில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒரே நன்கொடையாளரிடம்தான் மைதானத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கேட்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் சம்பளத்துக்கு 2017 சட்டப்படி 21 விழுக்காடு வரியை, அது பொருந்தும் நிறுவனங்களில், முதலாளியே கட்டவேண்டும். நெருக்கடி வரும்போது முதலில் அடிபடுவது வருமானம் தராத விளையாட்டுகள். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் அணிகளை மூடியபோது ஹவுஸ் சமரசத்தின் செலவையும் காரணமாகச் சொன்னது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008இல் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். அண்மையில் டேவிஸ் கோப்பையில் கலக்கிய தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் கல்லூரி வழியாக வந்தவர். டென்னிஸ், நீச்சல் ஸ்காலர்ஷிப்பை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அணியில் எத்தனை பேருக்கு இடம், எத்தனை முழு ஸ்காலர்ஷிப், அணியை மூடினால் பட்டம் முடியும்வரை உதவித்தொகை தொடருமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் விசாவுக்கே சிக்கல் வரலாம் என்பதால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களுக்கு என் கோரிக்கை இது. ஐந்து ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் வேண்டாம். உத்தரவாதம் ஆண்டுக்கு ஆண்டு குறையட்டும். வேலை தேடும் கடமையும் கழிவும் கட்டாயம், சந்தைச் சம்பள விதியோடு. சீசன் நடுவில் நீட்டிப்பு கூடாது. முழு ஒப்பந்தம் எழுதி முடியாமல் நிபந்தனைத் தாளில் கையெழுத்து கூடாது. ‘இன்று நீக்கினால் எவ்வளவு’ என்ற ஒரு எண்ணை, ஆண்டு வாரியாக அட்டவணையாக்கி, வாக்கெடுப்புக்கு முன்பே பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள்.