மூட்டைப்பூச்சி கடித்தால் எய்ட்ஸ் வருமா?

ரயில் பெர்த்தில் மூட்டைப்பூச்சி கடித்தால் எய்ட்ஸ் வருமாம். மெத்தையில் மண்ணெண்ணெய் தெளித்தால் ஒரே ராத்திரியில் பூச்சி ஒழியுமாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த இரண்டுமே தவறு.

கடித்தால் அரிக்கும், தடிக்கும். சிலருக்கு ஒவ்வாமை வரும். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக அறியப்படவில்லை என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் இணையதளத்திலேயே சொல்கிறது. உண்மையான ஆபத்து மண்ணெண்ணெய்தான். பக்கத்தில் கொசுவத்தி எரிந்தால் என்னாகும்?

பூச்சிக்கு எமன் சூடு. 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் துணியிலுள்ள முட்டையும் சாகும். கட்டில் இடுக்குக்கு மருந்தடிப்பவர் வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரு தடவையோடு முடியாது.

லாட்ஜில் மெத்தையின் தையலோரம் மை தெறித்தாற்போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள்.

அந்தத் தகவலை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.