அந்த ஃபிரிட்ஜ் விளம்பரம் யாருக்காக எடுத்தது?

வடசென்னைக்காரரைக் கத்தி வைத்த ரவுடியாகக் காட்டி, இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஃபிரிட்ஜ் விளம்பரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையில் ஆபீஸ் குரூப்பில் ஒருவர் அதைப் போட்டு, "உங்க ஏரியா ஆட், செம" என்று என்னையும் டேக் செய்துவிட்டார். இனி சும்மா இருக்க முடியாது.

கைலி, கழுத்தில் கர்சீப், இடுப்பில் கத்தி. "இன்னாபா, டிஸ்கவுன்ட் தர்றியா, இல்ல போட்டுடவா?" என்று ஒரு ஆள் மிரட்ட, சேல்ஸ்மேன் நடுங்குகிறார். சரி, இதை யாருக்காக எடுத்தார்கள்? கடை திறந்திருப்பது திருவொற்றியூர் ஹைரோட்டில். வாங்க வேண்டியவர்கள் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்து ஷேர் செய்பவர்களோ வேளச்சேரியிலும் ஓஎம்ஆரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஃபிரிட்ஜ் வாங்க இவ்வளவு தூரம் வரப்போவதில்லை. வாங்கப் போகிறவரைக் கேலி செய்து, வாங்காதவரைச் சிரிக்க வைக்க ஒரு கம்பெனி காசைக் கொட்டியிருக்கிறது.

நானும் இதே தொழிலில்தான் சோறு தின்கிறேன். விளம்பரத்தில் ஒரு வரி எழுதும் முன்னால் கேட்க வேண்டியது, யார் வாங்கப் போகிறார்கள் என்பதுதான். எங்கள் பக்கத்து வீடுகளில் எந்த ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்வது பெண்கள்.

என் சித்தி காசிமேட்டில் மீன் விற்கிறார். போன வருடம் அவருக்கு ஃபிரிட்ஜ் வாங்க நான்தான் கூடப் போனேன். சீட்டு எடுத்த பணம். கடைப் பையன் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், அஞ்சு ஸ்டார் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். சித்தி அதைக் காதிலேயே வாங்கவில்லை. கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "உப்புக் காத்துல இது எத்தினி வருசம் தாங்கும் தம்பி? கரண்ட் போச்சுன்னா மீன் குழம்பு எவ்ளோ நேரம் கெடாம நிக்கும்? எங்க ஹவுசிங் போர்டு படிக்கட்டு குறுகல், மூணாவது மாடிக்கு ஏத்தித் தருவீங்களா, அதுக்குத் தனியா காசா?" ஒன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. கம்பெனி கொடுத்த நோட்டீஸிலும் இல்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தால் அதுதான் விளம்பரம்! கேமரா, நடிகர், கத்தி எதுவும் வேண்டாம்.

இன்னொன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வீடியோ முடியும்போது 'முதல் தவணை ஜூன் 1' என்று பெரிதாக வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். படகில் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர் என்று யார் கையிலும் காசு புரளாது. அந்த நேரம் பார்த்து முதல் தவணை கேட்கிறார்கள். எங்கள் பேச்சை நடித்துக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, எங்களுக்கு எந்த மாதம் வருமானம் இருக்காது என்று ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

"ஜோக்கை ஜோக்கா பாருங்க" என்பீர்கள். இருபது வருடமாக அதே ஜோக்கைத்தானே பார்க்கிறோம்? "நீங்க அப்படிப் பேசறதே இல்லையா?" என்றும் கேட்பீர்கள். பேசுகிறோம். என் அம்மா வாய் திறந்தால் 'இன்னா'தான். எனக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. அதே பேச்சில் பேரம் பேசுகிற, சீட்டு பிடிக்கிற, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற ஆளைக் காட்டுங்கள் என்கிறேன். 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். எங்களைக் காட்ட வேண்டுமென்றால் உங்களுக்கு ஏன் கத்தி மட்டுமே நினைவுக்கு வருகிறது? வைரல் ஆச்சே என்பவர்கள், கடையில் எத்தனை பில் விழுந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

என் முதல் இன்டர்வியூவில் வீடு எங்கே என்று கேட்டார்கள். தண்டையார்பேட்டை என்றேன். "அப்போ உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சிரித்தார் எதிரில் இருந்தவர். நானும் சிரித்து வைத்தேன், வேலை வேண்டுமே. தம்பிக்கு வாடகை வீடு பார்த்தபோது அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, ஆதாரில் அட்ரஸைப் பார்த்ததும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கையை விரித்தார் வீட்டுக்காரர். அந்த மாதிரி வீட்டுக்காரர் கையில் போய்ச் சேர்கிற வீடியோதான் இது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று அவர் நாலு பேருக்கு அனுப்புவார். உங்களுக்கு அது வெறும் ஆட்.

கம்பெனிக்காரர்களே, மன்னிப்பு அறிக்கை எல்லாம் வேண்டாம். வீடியோவை எடுத்துவிடுங்கள். முதல் தவணையை ஜூலைக்கு மாற்றுங்கள். மாடிக்கு ஏற்ற எவ்வளவு கூலி என்று கடை வாசலில் எழுதிப் போடுங்கள். செய்தால் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு நானே சொல்லி அனுப்புகிறேன்.