18 டிகிரியில் பூமிக் கவலை

(காலை நேரம். மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறாள். மாமனார் கையில் நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். மாமனார் கையில் நோட்டு இருப்பது எந்த வீட்டுக்கும் நல்லதல்ல.)

மருமகள்: மாமா, என் போன் செத்துக் கிடக்கிறது. ராத்திரி சார்ஜில்தானே போட்டேன்?

மாமனார்: நான்தான் கழற்றினேன் அம்மா. வீட்டில் இருந்த அத்தனை சார்ஜரையும் உருவிவிட்டேன். பூமி தாங்காது.

மருமகள்: பூமி உங்களிடம் வந்து சொன்னதா?

மாமனார்: சிரிக்காதே. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்குதான் பூமியைச் சூடேற்றும் கரியமில வாயு இருந்ததாம். 1958-இல் ஹவாயில் ஒரு மலைமேல் அளந்தபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பதிவானதிலேயே சூடான ஆண்டு 2024. இதையெல்லாம் படித்தால் தூக்கம் வருமா?

மருமகள்: வரவில்லையா?

மாமனார்: எங்கே வருகிறது, ஒரே புழுக்கம். கடைசியில் ஏசியை 18-இல் வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகுதான் கண் மூடியது.

(மருமகள் கைப்பையைக் கீழே வைக்கிறாள். இன்றைக்குத் தாமதமாகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.)

மருமகள்: அந்த நோட்டைக் கொடுங்கள். போன் மாட்டாமல் சும்மா சொருகியிருக்கிற சார்ஜர் இழுப்பது 0.1 வாட் அளவுதான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் ஒரு யூனிட்கூட வரவில்லை, பாருங்கள்.

மாமனார்: சிறு துளி பெருவெள்ளம் அம்மா.

மருமகள்: பெருவெள்ளம் உங்கள் அறையில் ஓடுகிறது மாமா. 1,500 வாட் ஏசி முழுவீச்சில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட். ஒரு சார்ஜரை வருடம் பூராவும் கழற்றி வைத்து மிச்சம் பிடிப்பதை, கம்பளிக்குள் படுத்தபடியே 35 நிமிடத்தில் தீர்த்துவிட்டீர்கள்.

மாமனார்: (நோட்டைத் திரும்ப வாங்கி எதையோ அடித்துவிட்டு) சரி, சார்ஜரை விடு. பை வாங்கினேனே, அதற்கு என்ன சொல்கிறாய்? ரசாயனம் போடாமல் விளைந்த பருத்தி. ஆறு பை!

மருமகள்: எதற்கு ஆறு?

மாமனார்: ஒன்று வாங்கினால் பூமிக்கு நல்லது என்றால், ஆறு வாங்கினால் ஆறு மடங்கு நல்லதில்லையா?

மருமகள்: 2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை ஒரு ஆய்வு வெளியிட்டது. சுற்றுச்சூழல் கேட்டில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு எல்லா வகையிலும் ஈடாக வேண்டுமானால், இந்த மாதிரிப் பருத்திப் பை ஒன்றை 20,000 முறை பயன்படுத்த வேண்டும்.

மாமனார்: (எழுதிப் பார்க்கிறார்) தினம் ஒரு முறை என்றால்... 55 வருடம். எனக்கு இப்போது 67. அப்படியானால் 122 வயது வரைக்கும் நான் பையோடு அலைய வேண்டுமா?

மருமகள்: உலகத்திலேயே அதிக வயது வாழ்ந்ததாகப் பதிவான பிரான்சு நாட்டுப் பாட்டி ழான் கல்மோன் இறந்தபோது அவருக்கு 122 வயது. நீங்களும் முயற்சி செய்யலாம்.

மாமனார்: அது ஒரு பைக்கு. மீதி ஐந்தை யார் சுமப்பது?

மருமகள்: பயப்படாதீர்கள். ஓசோன் படலத்துக்கு வரும் கேட்டையும் பார்த்ததால்தான் கணக்கு அவ்வளவு ஏறியது. பருவநிலையை மட்டும் பார்த்தால் 149 முறை போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய பைகளை எடுத்துப் போனால் இந்தத் தலைவலியே இல்லை.

மாமனார்: அதையெல்லாம் நேற்றுத்தான் தூக்கிப் போட்டேன். புதுசு வந்துவிட்டதே என்று.

(சிறிது மௌனம்.)

மாமனார்: என்னால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்கிற கார்பன் தடத்தையும் இணையத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். அது என்னைத் திட்டாத குறை.

மருமகள்: 2004-இலேயே அப்படி ஒரு கருவியை இணையத்தில் வைத்து, விளம்பரமும் செய்து, எல்லோரையும் தடம் பார்க்க வைத்தது யார் தெரியுமா? பிபி. பெட்ரோல் விற்கிற கம்பெனி.

மாமனார்: திருடனே வந்து, 'ஏன் கதவைச் சாத்தவில்லை' என்று கேட்ட மாதிரி இருக்கிறதே! (முகம் மலர்கிறது) அப்படியானால் தப்பெல்லாம் அவர்கள் மேல். எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. ஏசி ரிமோட் எங்கே?

மருமகள்: அதற்குள் விடுதலையா? அவர்கள் தோண்டுகிறார்கள், நாம்தானே எரிக்கிறோம். பூமியைக் காக்க ஏதோ கூட்டம் என்று போனீர்களே, எதில் போனீர்கள்?

மாமனார்: காரில்.

மருமகள்: யாரோடு?

மாமனார்: தனியாக. நல்ல காரியத்துக்குத் தாமதமாகவா போவது?

மருமகள்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு.

மாமனார்: பெட்ரோலே லிட்டருக்கு முக்கால் கிலோதான் இருக்கும். அதிலிருந்து எப்படி 2.3 கிலோ வரும்? நான் அந்தக் காலத்து பி.எஸ்சி., என்னிடம் கதை விடாதே.

மருமகள்: எரியும்போது காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ளும் மாமா. ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன். எடை அதனால்தான் ஏறுகிறது.

மாமனார்: (குரல் இறங்கி) பரீட்சையில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

(மருமகள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். உள்ளே விளக்கு எரியவில்லை. வாசம் மட்டும் வருகிறது.)

மருமகள்: மாமா...

மாமனார்: ராத்திரி யாரும் திறக்கப்போவதில்லையே என்று சாயங்காலமே நிறுத்திவிட்டேன். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பார்க்கவே பாவமாக இருந்தது.

மருமகள்: மீதி வைத்த சாப்பாடெல்லாம் கெட்டுவிட்டது. குப்பைமேட்டுக்குப் போனால் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும்.

மாமனார்: (எழுதியபடி) சார்ஜர், வரவு. ஃப்ரிட்ஜ், செலவு 28 மடங்கு. ஏன் அம்மா, நான் பேசாமல் படுத்திருந்தாலே பூமி கொஞ்சம் நன்றாக இருந்திருக்குமோ?

(இதற்கு 'ஆமாம்' என்று எந்த மருமகளும் சொல்ல முடியாது. இவளும் சொல்லவில்லை.)

மருமகள்: கெட்டதைச் செடிக்கு உரமாக்கிக்கொள்ளலாம். காற்றுப் பட்டு மக்கினால் மீத்தேன் அவ்வளவாக வராது. நீங்கள் ஏசியை மட்டும் 26-க்கு ஏற்றுங்கள், போதும்.

மாமனார்: 26-ஆ! 20 வேண்டுமானால் வைக்கிறேன்.

மருமகள்: 26. கூடவே மின்விசிறி. கம்பளியை மடித்து வைத்துவிடலாம்.

மாமனார்: 22.

மருமகள்: 25.

மாமனார்: 2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டிலும் இப்படித்தான். தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலத்தைவிடப் பூமியின் சூடு ஏறுவது 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே, முடிந்தால் 1.5 என்று எழுதிக்கொண்டார்கள். நாமும் '22, முடிந்தால் 25' என்று எழுதிக்கொள்வோமா?

மருமகள்: 'முடிந்தால்' என்று எழுதிவிட்டு, 2024-இல் ஓராண்டுச் சராசரியே ஒன்றரையைத் தாண்டியாயிற்று. வெறும் 25 என்று எழுதுங்கள்.

மாமனார்: சரி, 25. இதோ கையெழுத்து. ஆனால் ஒரு டிகிரி ஏறினாலும் உன் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் நீயே சொல்லிவிடு.

(மருமகள் வேகமாகச் செருப்பை மாட்டுகிறாள்.)

மருமகள்: எனக்கு நேரமாயிற்று மாமா.

மாமனார்: 190-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். உன்னால் ஒரு ஆளைச் சம்மதிக்க வைக்க முடியாதா?

மருமகள்: அந்த நாடுகளில் அத்தை இல்லையே!