விளம்பரத்தில் அந்த வெற்றிடத்தை விட்டுவையுங்கள்

அச்சு விளம்பரம் என்றாலே ஒரு வாக்குவாதம் தவறாமல் வந்துவிடுகிறது. "காசு கொடுத்து முழுப் பக்கம் வாங்கியிருக்கோம், பாதிப் பக்கம் சும்மா கிடக்கே?" என்று. சும்மா கிடக்கவில்லை. அந்தப் பாதிதான் வேலையே செய்கிறது.

1959-இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்காக ஹெல்மட் க்ரோன் வடிவமைத்த விளம்பரத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கார் விளம்பரம் என்றால் பக்கத்தை அடைத்துக்கொண்டு நீளமான, பளபளக்கும் வண்டிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. க்ரோன் என்ன செய்தார் என்றால், காரை மேலே இடது பக்கம் ஒரு மூலையை ஒட்டிக் குட்டியாக வைத்துவிட்டு மற்ற இடத்தை அப்படியே வெறுமையாக விட்டார். கீழே ஒரு சின்னத் தலைப்பு, அதன் கீழே ஜூலியன் கோனிக் எழுதிய வாசகம், அவ்வளவுதான். கண்ணுக்குப் போக வேறு இடமே இல்லை, நேராகக் காரில் போய் நிற்கும். சின்னக் கார் என்பதைத் தலைப்பு சொல்வதற்கு முன்பே பக்கம் சொல்லிவிடுகிறது. இதைத்தான் நான் நல்ல டிசைன் என்பேன்.

எதை முதலில் பார்க்க வேண்டும், அடுத்து எதை என்று வடிவமைப்பவர் முடிவு செய்திருக்க வேண்டும். தலைப்பு, விலை, லோகோ, தள்ளுபடி, போன் நம்பர் எல்லாமே தடித்த எழுத்தில் இருந்தால் எதுவுமே தடித்த எழுத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். மனித முகம் இருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள், அந்தப் பார்வை போகும் திசையில்தான் நம் கண்ணும் போகும். முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் வாசகரும் வெளியே போய்விடுவார்.

அப்புறம் காகிதம். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அட்டகாசமாகத்தான் இருக்கும். ஆனால் செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், மை ஓரங்களில் பரவும். அந்தக் கறுப்பை ஒரே மையாக இல்லாமல் நான்கு நிறங்களையும் கலந்து அச்சிட்டால் ஏதாவது ஒரு நிறத்துக்கான பிளேட் (அச்சுத் தகடு) மயிரிழை நகர்ந்தாலே போதும், மெல்லிய கோடுகள் அடைபடும், தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். சின்ன எழுத்தில் நிபந்தனைகளை இப்படி அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. படிக்க முடியாத எழுத்தை எதற்காக அச்சிட வேண்டும்?

டிசைன் சரியா என்பதை கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, மற்ற விளம்பரங்கள் நிறைந்த பழைய செய்தித்தாள் பக்கத்தின் மேல் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் விளம்பரம் தனியாகத் தெரியவில்லை என்றால் லோகோவைப் பெரிதாக்காதீர்கள், எதையாவது எடுத்துவிடுங்கள்.