இஞ்சி மிட்டாயும் பொது மன்னிப்பும்

ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். மேடையில் பேசிய அண்ணனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு வந்து வாயார வாழ்த்திவிட்டுப் போனவர். ஆனால், "ஜனவரி 6 எல்லாம் பழங்கதை, மன்னித்தாயிற்று, மன்னிப்பதுதானே நம் பண்பாடு" என்று அவர் சொன்னதும் அரங்கில் எழுந்ததே ஒரு கைத்தட்டல், அது மூன்று நாளாக என் காதை விட்டு இறங்க மறுக்கிறது.

அடிபட்டவர் மன்னித்தால் அது பண்பாடு. இங்கே மன்னித்தவர் யார்? 2021 ஜனவரி 6 அன்று அந்தக் கூட்டம் அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிட்டல் கட்டடத்துக்குள் புகுந்ததே, தேர்தலில் தோற்றுப்போன அதிபர் டிரம்பைப் பதவியில் நீடிக்க வைப்பதற்காகத்தான். அன்று காயம்பட்ட காவலர்கள் ஏறத்தாழ 140 பேர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, மறுபடி அதிபராகப் பதவியேற்ற சில மணி நேரத்திலேயே, ஏறத்தாழ 1,500 பேருக்கு அதே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். மேலும் 14 பேரின் தண்டனையைக் குறைத்தார். அரசுக்கு எதிரான சதிக்காக 22 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்த, ப்ரௌட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுவின் தலைவர் என்ரிக்கே டாரியோவும் வெளியே வந்தார். யாருக்காக அடித்தார்களோ அவரே "போகட்டும், விடு" என்றால் அதற்குப் பெயர் மன்னிப்பா, கூலியா? வாக்குகளை எண்ணியவர்களிடம் மட்டும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

"கட்டடத்துக்குள் சும்மா சுற்றிப்பார்த்தவர்களும் இருந்தார்களே" என்பீர்கள். இருந்தார்கள், அவர்களுக்குத் தனியாக மன்னிப்பு வழங்கியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். "கார்ட்டரும் மொத்தமாக மன்னித்தாரே" என்று விழா முடிந்து சாம்பார் சாத வரிசையில் நின்றபோது ஒருவர் என்னிடம் சொன்னார். வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களை 1977இல் அவர் மன்னித்தது உண்மைதான். ஆனால், வன்முறையில் ஈடுபட்டவர்களுக்கு இது பொருந்தாது என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தார். 2025 ஆணையில் அப்படியொரு வரி கிடையாது. அந்த ஒரு வரிதான் என் வாதம் முழுவதும். அதற்குள் அப்பளம் தீர்ந்துவிட்டதால் அவரிடம் சொல்லி முடிக்க முடியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவள். குடியுரிமை கிடைத்த மறு ஆண்டிலிருந்து நியூ ஜெர்சியில் தேர்தல் பணிக்குப் போகிறேன். காலை 6 மணிக்குக் கதவு திறக்க வேண்டும், ஐந்தேகாலுக்கே போய்விடுவோம். இரவு 8 மணிக்கு மூடிய பிறகு, இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையெழுத்திட்டவர் எத்தனை பேர், பதிவான வாக்கு எத்தனை என்று ஒத்துப்பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

முதல் ஆண்டில் ஒரு மாலை, வாசலில் நின்றபடி ஒருவர் கைப்பேசியில் என் கைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, கைகளை. அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய இஞ்சி மொரப்பா இருந்தது. பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த சக பணியாளருக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கப் போனவள் அப்படியே கையை இழுத்துக்கொண்டேன்.

ரூபி ஃப்ரீமேனையும் ஷே மோஸையும் நினைத்துத்தான். 2020இல் அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய தாயும் மகளும். தாய் மகளிடம் எதையோ கொடுப்பது கேமராவில் பதிவாகியிருந்தது; அது மோசடிக்கான யூஎஸ்பி என்று கிளப்பிவிட்டார் டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி. அது ஓர் இஞ்சி மிட்டாய் என்று 2022இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் மகள் சொன்னார். அதற்குள் மிரட்டல்கள் வந்து, எஃப்.பி.ஐ. அறிவுரைப்படி தாய் வீட்டை விட்டே வெளியேறி இருக்க வேண்டியதாயிற்று. ஜூலியானி 14.8 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. டாலர் இருக்கட்டும், அந்த இருவரிடமும் அதிபர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? அதே ஜார்ஜியாவில் 11,779 வாக்கில் தோற்றுவிட்டு, "11,780 வாக்கைக் கண்டுபிடி" என்று தொலைபேசியில் கேட்டவர் அவர். முடியாது என்ற, அந்த மாநிலத் தேர்தலுக்குப் பொறுப்பான செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரோ அவருடைய கட்சிக்காரர், அவருக்கே வாக்களித்தவர். ஜனநாயகத்தை அரசியல் சட்டம் காப்பாற்றும் என்கிறார்கள். அன்று காப்பாற்றியது இப்படி முடியாது என்று சொன்ன சில பேர்தான். அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், முடியாது என்றவனுக்கு மிரட்டலும் அடித்தவனுக்கு விடுதலையும் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தானே முடிவெடுப்பார்?

"பைடன் தன் மகனை மன்னிக்கவில்லையா?" மன்னித்தார். மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மன்னித்தார். பதவி முடியும் கடைசி நிமிடங்களில் தம்பி தங்கைக்கும் சேர்த்து வழங்கினார். அசிங்கம்தான், அன்றே எழுதினேன், அதற்கும் திட்டு வாங்கினேன். அதனால் இது சரியாகிவிடுமா? பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் 2023 ஜனவரியில் இதே கூத்து நடந்தது. அந்த நாட்டு நீதிமன்றம் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்காக முன்னாள் அதிபர் பொல்சொனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதம் விதித்தது. உலகத்துக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாடு எது?

இன்னொன்று, சொல்லாமலிருக்க முடியவில்லை. அதே ஜனவரி 20 அன்று, அதே கை இன்னோர் ஆணையிலும் கையெழுத்திட்டது. வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்ற ஆணை. 1898இல், சீனப் பெற்றோருக்கு இங்கே பிறந்த வாங் கிம் ஆர்க்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் அது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை அரங்கில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள், எத்தனை பேர் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு தட்டினீர்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணுவது என் வேலைதான், ஆனாலும் எண்ணவில்லை.

அண்ணனுக்கு ஒரு செய்தி. ஜூனில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் வருகிறது. எங்கள் சாவடிக்குக் குடியரசுக் கட்சிப் பக்கமிருந்து ஓர் ஆள் குறைகிறது. தாங்கள் அக்கட்சியில் பதிவு செய்திருப்பதாக மேடையிலேயே சொன்னீர்கள். விண்ணப்பப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். காலை ஐந்தேகாலுக்கு வந்துவிடுங்கள், இஞ்சி மொரப்பா நான் கொண்டுவருகிறேன்.