சின்ன நாடுகளின் சினிமா: பணம் எங்கே போக வேண்டும்?

2025 மார்ச்சில் லாத்வியா தன் முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றதும், அந்த நாட்டுச் சினிமாவைப் பற்றி அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களும் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் நியாயமானதே. 20 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து, வசனமே இல்லாமல், எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் உருவான ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களை முந்தியது. ஆனால், திறமையும் ஒரு கணினியும் இருந்தால் போதும், அரசு நிதியும் கல்லூரியும் எதற்கு என்று பலர் இதிலிருந்து எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

சில்பலோடிஸ் 2019இல் வெளியான தம் முதல் முழுநீளப் படத்தைத் தனி ஆளாகவே செய்து முடித்தவர் என்பது உண்மை. ‘ஃப்ளோ’ அப்படி உருவானதல்ல. அது லாத்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு, லாத்வியாவின் தேசியத் திரைப்பட மையம் நிதி தந்த படம். முதல் படத்தை ஒருவர் பிடிவாதத்தால் எடுத்துவிடலாம். அடுத்ததற்குப் படக்குழு வேண்டும், தயாரிப்பாளர் வேண்டும், திரைக்கதை எழுதும் மாதங்களில் வீட்டு வாடகைக்கு வழி வேண்டும். உள்நாட்டில் எல்லாத் திரையரங்கும் நிரம்பினாலும் செலவு திரும்பாத இடத்தில் இவற்றைச் சந்தை தராது.

லாத்வியாவின் அண்டை நாடான எஸ்டோனியா வேறு வழியையும் சேர்த்துக்கொண்டது. அங்கே படமெடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். 2019இல் ‘டெனெட்’ என்ற ஹாலிவுட் படத்தின் படப்பிடிப்புக்காகத் தலைநகர் தாலினின் முக்கிய நெடுஞ்சாலை ஒன்றையே மூடினார்கள். உள்ளூர்த் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு இதனால் கூலியும் அனுபவமும் கிடைப்பதை மறுக்க மாட்டேன். ஆயினும், தெருவை வாடகைக்கு விடுவதால் எழுத்தாளரும் இயக்குநரும் உருவாவதில்லை. பக்கத்து நாடு கூடுதலாகச் சலுகை தந்தால் அந்த நிறுவனங்கள் அங்கே போய்விடும்.

டென்மார்க்கைப் பாருங்கள். 1966இல் தொடங்கப்பட்ட அதன் தேசியத் திரைப்படக் கல்லூரியில்தான் லார்ஸ் வான் டிரையர், சூசன்னே பியர், தாமஸ் விண்டர்பெர்க் ஆகிய இயக்குநர்கள் படித்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கல்லூரிக்குப் பிந்தைய ஏற்பாடு. புதியவர்களின் சோதனை முயற்சிகளுக்கென்றே 2003இல் தனி நிதித் திட்டம் தொடங்கினார்கள். எந்தத் திரைக்கதைக்கு மானியம் தருவது என்று தீர்மானிக்கும் ஆலோசகர்கள் சில ஆண்டுகளே பதவியில் இருப்பதால், ஒருவருடைய ரசனையே காலமெல்லாம் வாயிற்காவலாக நிற்பதில்லை. (குழு கூடிப் பேசியே நல்ல கதையைச் சாகடிக்கும் நாடுகள் இதைக் கவனிக்கலாம்.)

ஆகவே என் கருத்து இதுதான்: வெளிநாட்டுப் படப்பிடிப்புகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, முதல் படம் முடித்த உள்ளூர் இயக்குநர்கள் இரண்டாவது திரைக்கதையை எழுதி முடிக்கும் காலத்துக்கான ஊதியமாகச் சட்டப்படியே ஒதுக்க வேண்டும். அதில் பாதிக் கதைகள் படமாகாமல் போகலாம். நிதி அமைச்சகம் அந்த நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.