எலியானுக்காக யார் பேசுவது?

என் அக்கா பையனுக்குப் போன மாதம்தான் ஆறு வயது முடிந்தது. தன் பெயரை எழுதச் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறான். அதில் வரும் ழகரத்தின் சுழியை இன்னமும் தப்பாகத்தான் போடுகிறான். ரப்பரால் அழித்து அழித்து நோட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைப் பார்த்ததும் எலியான் கோன்சாலஸ் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. 1999 டிசம்பர் 6ஆம் தேதி அவனுக்கும் ஆறு வயது முடிந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போன அரசியல் தஞ்ச விண்ணப்பங்களில் ஒன்றில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். என்னைக் கியூபாவுக்கு அனுப்பாதீர்கள், அங்கே எனக்குப் பாதுகாப்பில்லை என்று கேட்கிற விண்ணப்பம் அது. அவனுடைய அப்பா இருந்ததே அந்தக் கியூபாவில்தான்.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் கியூபாவில் உள்ள கார்டெனாஸ். அப்பா ஹுவான் மிகேல், அம்மா எலிசபெத் புரோட்டோன்ஸ். பிரிந்துவிட்டவர்கள்தான், ஆனால் பையனை இருவருமாகவே வளர்த்தார்கள். 1999 நவம்பரில் அப்பாவிடம் சொல்லாமல் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன அலுமினியப் படகில் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பினார். படகு கவிழ்ந்தது. பெரியவர்களில் இரண்டே பேர் பிழைத்தார்கள். அம்மா போய்விட்டார். நவம்பர் 25ஆம் தேதி மீன் பிடிக்கப் போன இருவர், டயர் டியூபில் மிதந்துகொண்டிருந்த பையனைக் கண்டெடுத்தார்கள்.

கடலில் பிடிபட்டால் திருப்பி அனுப்பு, கரையில் கால் வைத்துவிட்டால் இருந்துகொள்ளட்டும் என்பதுதான் கியூபாக்காரர்களுக்கு அன்று இருந்த ஏற்பாடு. (அதே கரையைத் தேடி வந்த ஹைட்டி நாட்டு ஏழைகளுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) ஆஸ்பத்திரியிலிருந்து எலியானை ஃபுளோரிடாவின் மயாமி நகரில் இருந்த உறவினர் லாசரோ கோன்சாலஸ் வீட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். ஹுவான் மிகேலுக்குச் சித்தப்பா முறை, பையனுக்குச் சின்னத் தாத்தா. தாயில்லாப் பிள்ளையைச் சொந்தக்காரர்கள் வாரி எடுத்துக்கொண்டதை யாராவது குறை சொல்வார்களா? நான் சொல்ல மாட்டேன். அப்பா என் பிள்ளையைக் கொடு என்று கேட்ட பிறகும் கொடுக்காமல் வைத்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அப்பா கேட்டதாவது நிஜமா, பின்னாலிருந்து கியூபா அதிபர் ஃபிடல் காஸ்ட்ரோ பேச வைக்கிறாரா என்பது, அவர் ஆட்சி வேண்டாமென்று ஓடி வந்து மயாமியில் குடியேறியிருந்த கியூபாக்காரர்களின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், அதை நான் ஒதுக்கிவிடவில்லை. அதனால்தான் அமெரிக்க அதிகாரிகளே அந்த டிசம்பரில் இரண்டு தடவை கியூபாவில் அவரிடம் நேரில் பேசினார்கள். பிள்ளைக்கும் அவருக்கும் உள்ள ஒட்டுறவை விசாரித்தார்கள். 2000 ஜனவரி 5ஆம் தேதி, இவர் மனசாரத்தான் கேட்கிறார், பிள்ளைக்காகப் பேச உரிமை உள்ளவர் இவர்தான் என்று குடியேற்றத் துறை ஆணையர் டோரிஸ் மைஸ்னர் முடிவு சொன்னார். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய கதை ஜூன் கடைசி வரை இழுத்தது.

மயாமிக்காரர்கள் ஏன் அப்படித் துடித்தார்கள் என்பது 1960லிருந்து 62 வரை நடந்ததைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் மேல் பெற்றோருக்கு உள்ள உரிமையைப் காஸ்ட்ரோவின் புரட்சி அரசாங்கம் பறித்துக்கொள்ளப் போகிறது என்று அப்போது தீவெங்கும் ஒரு பேச்சு பரவியது. பயந்துபோன பெற்றோர் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தனியாக அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். ‘பெட்ரோ பான்’ நடவடிக்கை என்று பெயர். ஏர்போர்ட்டில் அப்பா அம்மாவைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் பல வருஷம் அவர்களைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் நிறைய. மயாமியில் வளர்ந்த அப்படிப்பட்ட ஒருவருக்கு எலியானைப் பார்த்ததும் தன் முகமே தெரிந்திருக்கும். அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் ‘பிள்ளை பெற்றோருக்கா அரசாங்கத்துக்கா?’ என்று பயந்து ஓடி வந்த சமூகம், நாற்பது வருஷம் கழித்து இன்னொரு அரசாங்கத்தின் வாசலில் நின்று ‘இந்த அப்பாவின் உரிமையைத் தள்ளிவையுங்கள்’ என்று கேட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் கம்யூனிஸ்ட் நாட்டில் இருக்கிறார் என்பதைத் தவிர அவர் மேல் என்ன குற்றம்?

பிறகு அரசியல்வாதிகள் வந்தார்கள். ஃபுளோரிடா ஓட்டு யாருக்குத்தான் வேண்டாம்? தன்னுடைய அரசாங்கத்தின் முடிவையே எதிர்த்து, பையனுக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கொடுக்கலாம் என்றார் துணை அதிபர் அல் கோர். அந்த வருஷ அதிபர் தேர்தலில் அதே மாநிலத்தை அவர் 537 ஓட்டில் இழந்தார். கியூபாத் தலைநகர் ஹவானாவிலோ, அமெரிக்க அலுவலகத்துக்கு எதிரே இதற்கென்றே ஒரு மைதானம் கட்டி, ஊர்வலத்துக்கு மேல் ஊர்வலம். ஏப்ரலில், அப்பா வாஷிங்டன் வந்து காத்திருந்த வேளையில், மயாமி வீட்டிலிருந்து ஒரு வீடியோ வெளியானது. எலியான் விரலை நீட்டி, அப்பா, நான் கியூபாவுக்கு வர மாட்டேன் என்கிறான். ஆறு வயசுப் பிள்ளை. அம்மாவைக் கடலில் விட்டுவிட்டு வந்து ஐந்து மாசம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 22 விடிவதற்குள் துப்பாக்கியோடு அதிகாரிகள் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். அலமாரிக்குள் எலியானைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர், கடலில் அவனைக் கண்டெடுத்த அந்த இருவரில் ஒருவர். எதிரே ஒரு அதிகாரியின் துப்பாக்கி. அலறுகிற பிள்ளையின் வாய். அந்தப் படத்தை அப்போது பேப்பரில் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வாய்தான் தெரிகிறது. அப்பாவிடம் பிள்ளையைச் சேர்த்தது சரி என்று முழு மனசாகச் சொல்கிற நான், சேர்த்த விதம் சரி என்று சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் மறுத்தார்கள், பேச்சுவார்த்தை முறிந்தது, வேறு வழியில்லை என்றது அரசாங்கம். இருக்கலாம். அந்த வாய்க்கு அதெல்லாம் தெரியாது.

பையனின் தஞ்ச விண்ணப்பத்தைக் குடியேற்றத் துறை ஏற்க மறுத்ததை எதிர்த்து மயாமிச் சொந்தக்காரர்கள் போட்ட வழக்கில், ஜூன் 1 மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பில் என் மனசுக்கு நெருக்கமான ஒரு கேள்வி இருக்கிறது. எந்த வெளிநாட்டவரும் தஞ்சம் கேட்கலாம் என்கிறது சட்டம். ஆறு வயதுப் பிள்ளையும் வெளிநாட்டவர்தானே? ஆமாம். ஆனால் எப்படிக் கேட்பது, பிள்ளைக்குப் பதில் யார் கேட்பது என்பதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அந்த இடத்தைக் குடியேற்றத் துறை நிரப்பியது: இவ்வளவு சின்னப் பிள்ளை தானாகக் கேட்க முடியாது, பெற்றவர் பேசட்டும். அது நியாயமான வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். ஜூன் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அன்றைக்கே அப்பாவும் பிள்ளையும் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியதும் சாதாரணப் பிள்ளையாக வளர விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. ஏழாவது பிறந்தநாளுக்குக் காஸ்ட்ரோவே வந்தார். 2005இல் அமெரிக்க டிவி பேட்டியில், ஃபிடல் எனக்கு நண்பர் மட்டுமில்லை, அப்பா மாதிரி என்றான் அந்தப் பையன். அந்தப் பையனுக்காக ஏழு மாசம் கண்ணீர் விட்ட அப்பா உயிரோடு இருக்கும்போது இன்னொரு ‘அப்பா மாதிரி’ எதற்கு? இப்போது எலியான் இஞ்சினியர். 2023இல் கார்டெனாஸிலிருந்து கியூபா நாடாளுமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டார்.

எலிசபெத்தைப் பற்றித்தான் யாரும் சரியாகப் பேசவில்லை. சுதந்திரத்துக்காக உயிரைக் கொடுத்த தாய் என்றது மயாமி. காதலன் பேச்சைக் கேட்டுப் போய்விட்டாள் என்றது ஹவானா. பையனை எதற்காக அந்தப் படகில் ஏற்றினார், அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை, நடுக்கடலில் அவனை டியூபில் வைத்தபோது என்ன சொன்னார் என்று அவர் வாயால் கேட்க வழியில்லை. மயாமி வீட்டை 2001இல் மியூசியம் ஆக்கினார்கள், அவனுடைய பொம்மைகளும் துணிமணிகளும் அங்கே இருந்தன. கார்டெனாஸிலும் ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே சூப்பர்மேன் பொம்மையைத் தூக்கி எறிகிற சிறுவனின் சிலை நிற்கிறது.